சம்பளம் அதேதான், நிம்மதி எங்கே போனது?

கேள்வி:

அன்புள்ள மேடம், எனக்கு 42 வயது. வாழப்பாடி பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாதம் 36,000 ரூபாய் சம்பளம். மனைவி வீட்டிலேயே துணி தைத்து எட்டு, ஒன்பதாயிரம் சம்பாதிக்கிறாள். அம்மாப்பேட்டையில் அப்பா 1988-ல் கட்டிய வீடு இருக்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவில் அதுதான் முதல் மெத்தை வீடு. மகள் எட்டாவது படிக்கிறாள், மகன் நாலாவது. அறுபதாயிரம் நகைக்கடன் தவிர வேறு கடன் கிடையாது.

தை மாதம் என் சகலை அழகாபுரத்தில் மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். பத்து வருடம் முன்பு அவரும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்தான். இப்போது சொந்தமாக நாலு லாரி ஓடுகிறது. வாசலில் புதுக் கார் நின்றது. பந்தியில் எல்லார் முன்பும் என் மாமியார், "பெரிய மாப்பிள்ளையும் இப்படி ஒண்ணு கட்டிட்டா எனக்குக் கண்ணு நிறைஞ்சிடும்" என்றார். டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள், "நாம எப்பப்பா கார் வாங்குவோம்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுகிறேன். வருடா வருடம் மே மாதம் பஸ்ஸில் ஏற்காடு போவோம். இந்த வருடம் சகலை, "எல்லாரும் நம்ம கார்லயே போயிடலாம்" என்றார். லீவு இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். ஆடிப் பண்டிகைக்கும் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. என் வருமானத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, மேடம். போன வருடம் இதே பணத்தில் நிம்மதியாகத்தான் இருந்தேன். நான் பொறாமை பிடித்தவனா? பேங்கில் பத்து லட்சம் கார் லோன் தருகிறேன் என்கிறார்கள். எடுத்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்:

தம்பி, லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் நாள் கடத்த முடியாது.

கணக்கு எழுதுகிறவர் நீங்கள், போட்டுப் பாருங்கள். பத்து லட்சம், ஏழு வருடம், வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 16,350 ரூபாய் வரும். வீட்டுக்கு வருகிற மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. கடைசித் தவணை கட்டும்போது மகள் காலேஜில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய ஃபீஸுக்குப் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டுக்குக் கார் தேவைப்பட்டு வாங்கினால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு தேவையே வரவில்லை. தை மாதத்துக்கு முன்பு காரைப் பற்றி நீங்கள் நினைத்தே பார்த்ததில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது, 2020-ல் வெளியானது. லாட்டரியில் பரிசு விழுந்தவர்களை விட்டுவிட்டு, அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்த்தார்கள். பரிசுத் தொகை பெரிதாகப் பெரிதாக, சுற்றியுள்ள வீடுகளில் திவால் ஆனவர்களின் எண்ணிக்கை கூடியது. அப்படித் திவாலானவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால், வீடு, வண்டி என்று வெளியே தெரிகிற சொத்து அதிகமாக இருந்தது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு அப்படிக் கூடியிருக்கவில்லை. பரிசு விழுந்தது வேறொருவருக்கு, கடன்பட்டது இவர்கள். நம் மாநிலத்தில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் கிரகப்பிரவேசமும் அதே வேலையைச் செய்யும். எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

சரி, இப்போது உங்கள் மனசுக்கு வருவோம். பொறாமை பிடித்தவனா என்று கேட்டிருக்கிறீர்கள். சகலையின் லாரி கவிழ வேண்டும், அவர் வீட்டில் விரிசல் விழ வேண்டும் என்று உங்களுக்கு ஒரு நாளாவது தோன்றியதா? கடிதத்தை மூன்று முறை படித்தேன், அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. காரில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாரே, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிவது, இடம் பறிபோன வலி. அந்தக் குடும்பத்தில் நீங்கள்தான் பெரிய மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை, எந்த நல்லது கெட்டதுக்கும் முதல் பேச்சு, எல்லாம் உங்களுடையதாக இருந்தது. மாமியார் சொன்ன ஒரு வாக்கியத்தில் அது கை மாறிவிட்ட மாதிரி உங்களுக்குப் பட்டிருக்கிறது. அது வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறது என்பதற்காக உங்களை நீங்களே கேவலமாக நினைக்க வேண்டாம்.

வருமானம் அதே அளவில் இருக்க, நிம்மதி மட்டும் எப்படிப் போனது என்பது ரொம்ப சரியான கேள்வி. பொருளாதாரம் படித்தவர்கள் 50 வருடமாக இதை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1974-ல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு விநோதத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு நாட்டுக்குள் ஏதோ ஒரு வருடத்தை எடுத்துப் பார்த்தால், வசதியானவர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாட்டின் மொத்த வருமானமே பல வருடங்களில் நன்றாக ஏறியிருந்தும், ஜனங்கள் சொல்லும் மகிழ்ச்சி அதே அளவுக்கு ஏறவில்லை. ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம், மனிதன் தன் பணத்தைத் தனியாக வைத்து அளப்பதில்லை, சுற்றியிருப்பவர்களை வைத்து அளக்கிறான் என்பது. எல்லோரும் ஒன்றாக ஏறும்போது அளவுகோலும் கூடவே ஏறிவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு, வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த அளவுகோல் விஷயத்தை உங்கள் வீட்டிலேயே என்னால் காட்ட முடியும்.

அப்பா கட்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள். 1988-ல் தெருவிலேயே முதல் மெத்தை வீடு. ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். தண்ணீர் தெளித்து அப்பா அந்த மாடியைக் குளிர வைத்திருப்பார். அன்றைக்குத் தெருவில் யாரோ ஒருவர், தறி நிறுத்திய பிறகும் தூக்கம் வராமல் உங்கள் வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்றும் அதே சுவர், அதே மாடி. அழகாபுரத்தில் ஒரு வீடு எழும்பியதும் அது சின்னதாகிவிட்டது. வீட்டில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை, இல்லையா?

அது ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1998-ல் வெளியானது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படிக்கிறவர்களிடமும் அங்கே வேலை செய்கிறவர்களிடமும் கேட்டார்கள். விலைவாசி எங்கும் ஒன்றுதான். உங்களுக்கு வருடம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000 என்கிற ஊர் வேண்டுமா? அல்லது உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000 என்கிற ஊர் வேண்டுமா? ஏறக்குறைய பாதிப் பேர் முதல் ஊரைக் கேட்டார்கள். கையில் வருவது பாதியானாலும் சரி, பக்கத்தில் இருப்பவனைவிட மேலே இருந்தால் போதும் என்று. படித்தவர்கள், வசதியான நாட்டில் இருப்பவர்கள், அவர்களே இப்படி. அதே ஆட்களிடம் விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது பதில் மாறிவிட்டது. மற்றவர்களுக்கு எத்தனை நாள் கிடைத்தாலும் பரவாயில்லை, எனக்கு நிறைய லீவு வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பளத்தை நாம் அடுத்தவரோடு வைத்துப் பார்க்கிறோம். ஓய்வையும் பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தையும் அவ்வளவாக அப்படிப் பார்ப்பதில்லை. ஏற்காட்டைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

இன்னொன்று. யாரோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். சேலத்தில் உங்களைவிட நூறு மடங்கு சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், ஃபேக்டரி முதலாளியையே தினமும் பார்க்கிறீர்கள். அவர் புதுக் கார் வாங்கியபோது உங்கள் தூக்கம் போகவில்லை. சகலையின் கார் மட்டும் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கியவர்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அமெரிக்காவில் 2005-ல் எர்சோ லட்மர் என்பவர் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்தது. ஒருவருடைய வருமானம் அப்படியே இருக்க, அக்கம்பக்கத்தாரின் வருமானம் ஏறினால் அவர் சொல்லும் மகிழ்ச்சி இறங்குகிறது. அதுவும் அக்கம்பக்கத்தாரோடு அதிகம் பழகுகிறவர்களுக்கே கூடுதலாக இறங்குகிறது.

இதைப் படித்துவிட்டு, சகலை வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எட்டு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறீர்கள். ஏதாவது குறைந்ததா?

ஓமலூர் டோல்கேட்டில் நெரிசலில் மாட்டியிருக்கிறீர்களா? எல்லா வரிசையும் அசையாமல் நிற்கும். திடீரென்று பக்கத்து வரிசை நகர ஆரம்பிக்கும். முதல் இரண்டு நிமிடம் நமக்கு எரிச்சலே வராது. அட, முன்னால் ஏதோ சரியாகிவிட்டது, நம் வரிசையும் இப்போது நகரும் என்று சந்தோஷமாகவே இருக்கும். ஐந்து நிமிடம் ஆகியும் அவர்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தால்தான் ரத்தம் கொதிக்கும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1973-ல் ஒரு சுரங்கச் சாலை நெரிசலை வைத்து இதைச் சொன்னார். அடுத்தவர் முன்னேறுவதைப் பார்க்கும்போது, அது நமக்கும் ஒரு செய்தி சொல்கிறது என்று நம்பும் வரைக்கும் நம்பிக்கை வரும். அந்தச் செய்தி நமக்கு இல்லை என்று தோன்றியதும் அது காயமாகிவிடும். முதல் லாரி வாங்கியபோது சகலையைப் பார்த்து நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். நாலாவது லாரிக்குள் அது மாறிவிட்டது.

அதனால் நான் கேட்பது, சகலையைத் தேடிப் போய்ப் பேச முடியுமா? ஏன் கேட்கிறேன் என்று புரிய, என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்தார். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, ஊதுகுழலை வாயில் வைத்து, விளக்குச் சுடரைச் சாய்த்து வெள்ளி வளையத்தை ஒவ்வொன்றாகப் பற்ற வைப்பார். விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும், சோறு பிசையும்போது நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. அந்த வாரம் அவரவர் முடித்த கொலுசு எல்லார் முன்னாலும் தராசில் ஏறும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்துப் பலகைக்காரர் எப்போதும் அப்பாவைவிட அதிகம் வாங்குவார். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. "அவன் கை அப்படி" என்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு சமயம் முதலாளி அந்தப் பக்கத்துப் பலகைக்காரருக்கு மட்டும் தராசுக்கு வெளியே, மடித்த கவரில் ஏதோ கொடுக்க ஆரம்பித்தார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அப்பா வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டார். இரண்டு வாரம் பட்டறைக்கே போகவில்லை. அந்த இரண்டு வாரமும் அம்மா அரிசிக்கு அலைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் விசாரித்தால் அது கூடுதல் கூலியே இல்லை. பிள்ளையின் ஆபரேஷனுக்கு வாங்கிய முன்பணம். பின்னால் வாரா வாரம் பிடித்துக்கொண்டார்கள்.

பல வருடம் கழித்து ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தபோது அப்பாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. 2018-ல் வெளியானது அது. சிறு பொருட்கள் செய்யும் பட்டறைகளில் ஆட்களை மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே தினக்கூலி, சில குழுக்களில் ஒருவருக்கொருவர் கொஞ்சம் வித்தியாசமான கூலி என்று கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் வைத்த இடத்தில் வேலை குறைந்தது, வருகை 18 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது என்று தெரிந்தே வீட்டில் இருந்தார்கள், என் அப்பாவைப் போல. ஆனால் யார் அதிகம் செய்கிறார் என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளில் இந்தச் சோர்வு வரவே இல்லை. அங்கே வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்திருந்தது.

உங்களுக்குச் சகலையின் காரணம் தெரியாது. வீடும் காரும்தான் தெரியும். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்து இறங்கினால், குவியலைப் பார்த்தே விலை எழுதிவிடுவீர்களா? சாம்பிள் எடுத்து, மாவு எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்று பார்த்த பிறகுதானே பில் போடுவீர்கள்? சகலையின் வாழ்க்கையில் நீங்கள் குவியலை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். நாலு லாரியில் எத்தனைக்கு ஃபைனான்ஸ் நிற்கிறது, டயருக்கும் டீசலுக்கும் போக மாதம் என்ன மிச்சம், டிரைவர் வராத நாளில் யார் ஸ்டியரிங் பிடிக்கிறார், ராத்திரி போன் வந்தால் எந்த ஊருக்குக் கிளம்பிப் போகிறார், எதுவும் உங்களுக்குத் தெரியாது. கேளுங்கள். ஆத்திரத்தோடு வேண்டாம், "எப்படிச் செஞ்சீங்க சகலை, சொல்லுங்க" என்று கேளுங்கள். தொழிலில் ஜெயித்த மனுஷனுக்கு அதைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடித்தது வேறு இருக்காது.

அவர் கடனில் மூழ்கியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே நல்ல லாபமாக இருக்கலாம், இருக்கட்டும். "வெளியேதான் பகட்டு, உள்ளே எல்லாம் கடன்" என்று நினைத்து ஆறுதல் தேடாதீர்கள். அந்த ஆறுதல் நிற்க வேண்டுமென்றால் உங்கள் கொழுந்தியாள் குடும்பம் கஷ்டப்பட்டாக வேண்டும், அதை நீங்களே விரும்ப மாட்டீர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டால் இரண்டில் ஒன்று நடக்கும். இந்த அலைச்சல் எனக்கு ஆகாது என்று தோன்றலாம், அல்லது இதில் ஒரு பகுதியை நானும் செய்து பார்க்கலாமே என்று தோன்றலாம். கணக்குத் தெரிந்த ஆள் லாரித் தொழிலுக்கு எப்போதும் தேவை, அவருடைய ஜிஎஸ்டியையும் டிரிப் கணக்கையும் மாலையில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம்கூட. எப்படியானாலும், நின்றுபோன வரிசையில் உட்கார்ந்து பக்கத்து வரிசையை முறைக்கிற நிலை மாறிவிடும்.

பணம் முக்கியமில்லை, மனசுதான் எல்லாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிற குடும்பங்களோடு மாதம் ஒரு நாள் இருந்து வருகிறேன். காப்பி பறிக்கிற பெண்ணுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மலையிறங்கி வர ஆகும் செலவே அன்றைய கூலியைச் சாப்பிட்டுவிடும். அவர்களிடம் போய் "ஒப்பிடாதீர்கள், நிம்மதி வரும்" என்று பேசுவது அநியாயம். தேவை தீராத இடத்தில் பணம்தான் மருந்து. நீங்கள் அந்த இடத்தில் இல்லை. சொந்த வீடு, இரண்டு வருமானம், அடைக்கக்கூடிய ஒரு நகைக்கடன். அதனால்தான் உங்களிடம் அளவுகோலைப் பற்றிப் பேச முடிகிறது.

அதே காரணத்தால் ஒரு ஒப்பீட்டை நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறேன். 14 வருட அனுபவம், ஒரு ஃபேக்டரியின் முழுக் கணக்கு, 36,000. இதே வேலைக்கு மற்ற ஃபேக்டரிகளில் என்ன கொடுக்கிறார்கள்? சேகோ ஆலைகளின் கூட்டுறவு சங்கமான சேகோசர்வ் பக்கம் போய்வரும்போது மற்ற ஆலைக் கணக்கர்களைப் பார்ப்பீர்கள், சாதாரணமாகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். சகலையோடு உங்களை வைத்துப் பார்ப்பதில் கணக்கே இல்லை. அவர் போட்டது முதலீடு, நீங்கள் போடுவது உழைப்பு. அதே வேலை செய்யும் இன்னொருவரோடு வைத்துப் பார்ப்பதில் கணக்கு இருக்கிறது. குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால், எத்தனை வருடக் கணக்கைத் தணிக்கையில் ஒரு கேள்வி இல்லாமல் முடித்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் கேளுங்கள். தீபாவளி போனஸ் பேசும் சமயம் பொருத்தமாக இருக்கும். கேட்டு இரண்டாயிரம் ஏறினாலும் அது காரைவிட நல்ல மருந்து.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பவர் கையில் போன் இருக்கும் என்று தெரியும். நார்வே நாட்டில் யார் எவ்வளவு வருமானம் காட்டினார் என்ற வரிப் பட்டியல் ரொம்ப காலமாகவே பொதுவில் உண்டு, ஆனால் ஆபீஸுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். 2001-ல் பத்திரிகைகள் அதை இணையத்தில் போட்டுவிட்டன. பெயரை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருமானம் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நாட்டில் வசதியானவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி ஏறக்குறைய 29 சதவீதம் அகன்றது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. யாருடைய வருமானமும் அதனால் மாறவில்லை, தெரிய வந்தது மட்டும்தான் புதிது. 2014-ல், யார் தேடினார் என்பது தேடப்பட்டவருக்கும் தெரியும் என்று ஆக்கினார்கள், உடனே தேடுவது பெருமளவு குறைந்துவிட்டது. கொழுந்தியாள் ஸ்டேட்டஸை மியூட் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு. அவர்களுக்குத் தெரியப் போவதில்லை, நேரில் பார்க்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச உங்களுக்கு எளிதாக இருக்கும்.

மாமியாரைப் பற்றி இரண்டே வரி. அவர் சொன்னதில் "பெரிய மாப்பிள்ளையும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களை மறந்துவிட்டுப் பேசிய பேச்சு இல்லை அது.

மகளுக்குத்தான் நீங்கள் பதில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். எட்டாவது படிக்கிற பெண், எப்போது கார் வாங்குவோம் என்று கேட்டாள். அது தகவல் கேட்ட கேள்வி. நீங்கள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு எட்டு மாதமாகச் சுமக்கிறீர்கள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுக் கணக்கைக் காட்டுங்கள். நமக்கு வருவது இவ்வளவு, உங்கள் படிப்புக்கு இவ்வளவு, பாட்டி மருந்துக்கு இவ்வளவு, கார் வாங்கினால் இதில் எதை நிறுத்துவது என்று அவளிடமே கேளுங்கள். மனைவியும் கூட இருக்கட்டும். அவருடைய தையல் பணத்தைத் தனிப் பத்தியாக எழுதிக் காட்டுங்கள், அவருக்கு அது பெரிய மரியாதை. எரிந்து விழுந்ததற்கு மன்னிப்பும் அப்படியே கேட்டுவிடலாம்.

அப்புறம் ஏற்காடு. இந்த வருடம் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் போனது கார் இல்லாததால் இல்லை தம்பி, நீங்கள் மறுத்ததால். மேலே ஹார்வர்டு சோதனையைச் சொன்னேனே, விடுமுறைக்கு அடுத்தவர் அளவுகோல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் பஸ் ஏறுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் மகனை ஜன்னல் பக்கம் விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் அவன் எண்ணட்டும், நடுவில் தப்பு விட்டு அக்காவோடு சண்டை போடட்டும். மேலே போனால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைக் காட்டுங்கள். அதற்கு அடுத்த முறை சகலை காரில் கூப்பிட்டால் போய்விடுங்கள். டீசலுக்குப் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார், மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாதம் இரண்டு மணி வரை விழித்திருப்பது சின்ன விஷயம் இல்லை. நான் சொன்னதையெல்லாம் செய்தும் இரண்டு, மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால், அல்லது சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த நினைப்பு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

பேங்கில் இருந்து மறுபடி போன் வந்தால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சகலை வீட்டுக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். போய் வந்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.